பழைய சளிக் கிருமிகள் எங்கே போயிருந்தன, எப்படித் திரும்பின? வளவில் கல்யாணம் கூடும் முன் ஒரு கேள்வி

கானாடுகாத்தான் ஐயா | 9 ஜனவரி 2025, காலை 6.50

அன்பர்களுக்கு வணக்கம். தை மாதக் கடைசியில் எங்கள் வளவில், அதாவது பரம்பரை வீட்டில், ஒரு கல்யாணம் வைத்திருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து மகன் குடும்பம் மூன்று மாதக் கைக்குழந்தையுடன் வருகிறது. பங்காளிகள், தாய்பிள்ளைகள் என்று இருநூறு பேருக்குக் குறையாமல் மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருப்போம். இந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியில் எச்.எம்.பி.வி. என்ற சளிக் கிருமியின் பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூருவில் இரண்டு குழந்தைகளுக்கும், நம் மாநிலத்தில் சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கும் கண்டறியப்பட்டதாகச் சொன்னதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை.

ஆனால் நான் கேட்க வந்தது அதைவிடப் பழைய கேள்வி. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததாக நினைவில்லை. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தார்கள். தீபாவளி கழிந்த மறுவாரமே மகள் வயிற்றுப் பேரன் சளியுடன் படுத்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவனுக்குச் சளி இல்லாத மாதத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்பெல்லாம் இப்படி இருந்ததா? அந்தக் கிருமிகள் இடைப்பட்ட காலத்தில் எங்கே போயிருந்தன? முகக்கவசம் போட்டுப் போட்டுப் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது என்று எங்கள் ஊரில் பலரும் சொல்கிறார்கள். அது மெய்யா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

பள்ளத்தூர் ஆசிரியை | 9 ஜனவரி 2025, காலை 9.15

ஐயா, முப்பது ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் முதல் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மருத்துவத்தை மருத்துவர்கள் சொல்லட்டும்.

கிருமிகள் எங்கும் போகவில்லை. ஆனால் அவற்றின் ஓட்டம் மிகவும் மெலிந்துவிட்டது. சளிக் கிருமிக்கு ஒரு மனிதரிடத்தில் சில நாள்கள்தான் குடியிருப்பு. அதற்குள் அடுத்தவரைப் பிடித்தாக வேண்டும். பள்ளி இல்லை, சந்தை இல்லை, திருவிழா இல்லை, வானூர்தி இல்லை என்றால் அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்துவிடும். அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் இன்ஃப்ளூயன்சாவால் 199 குழந்தைகள் இறந்ததாகப் பதிவானது. அடுத்த பருவத்தில் பதிவான இறப்பு ஒன்றே ஒன்று. இவ்வளவு பெரிய சரிவை அந்த நாட்டின் கண்காணிப்புப் பதிவேடுகள் அதற்கு முன் கண்டதில்லை.

நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கலிங்கு வழியே மிகுதி வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தக் கிருமியை இதுவரை காணாத குழந்தைகள்தாம் ஊருணித் தண்ணீர். பிறப்பு என்பது வரத்து. ஒரு முறை தொற்றி, ஓரளவு எதிர்ப்புடன் வெளியே வருவது போக்கு. சாதாரண ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பொதுமுடக்கத்தில் போக்கை மட்டும் அடைத்துவிட்டோம், வரத்து நிற்கவில்லை. 2020இலும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். அடைப்பை எடுத்தபோது ஒரு பருவத்துத் தண்ணீர் அல்ல, இரண்டு பருவத்துத் தண்ணீர் சேர்ந்து பாய்ந்தது.

இது நடந்து முடிந்தபின் சொல்லும் விளக்கம் அன்று. 2020ஆம் ஆண்டு டிசம்பரிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று கணித மாதிரிகளைக் கொண்டு, கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசும் இன்ஃப்ளூயன்சாவும் பின்னாளில் பெரிய அலைகளாக வரக்கூடும் என்று எழுதியிருந்தது.

---

கரைமேல் இருப்பவன் | 9 ஜனவரி 2025, காலை 11.40

ஆசிரியை அவர்களின் உவமை அழகாக இருக்கிறது. ஆனால் எளிய உண்மையைச் சுற்றி வளைத்துச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. உழைக்காத உடம்பு தளர்ந்து போவதைப்போல், கிருமியைச் சந்திக்காத எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துதான் போகும். புழுதியில் விளையாடி வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இந்த மூச்சிரைப்பும் நெபுலைசரும் தெரியாது. வெளிநாட்டு மருத்துவர்களே ‘நோயெதிர்ப்புக் கடன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடன் என்றால் வட்டியும் முதலுமாகக் கட்டத்தானே வேண்டும்? நகரத்தார் ஊரில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

---

கோட்டையூர் குழந்தை மருத்துவர் | 9 ஜனவரி 2025, இரவு 10.05

நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘நோயெதிர்ப்புக் கடன்’ என்ற தொடரை 2021இல் பிரான்சு நாட்டுக் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர்கள் பரப்பினார்கள். அவர்கள் சொல்ல வந்தது பெரும்பாலும் ஆசிரியை சொன்ன ஊருணிக் கணக்குத்தான்: ஊர் முழுவதையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், அந்தக் கிருமியை எதிர்கொள்ளாதவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ‘கடன்’ என்ற சொல்தான் இங்கே கேடு செய்தது. ஊரின் கணக்கை ஒரு தனிக் குழந்தையின் உடம்புக் கணக்காக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். கரைமேல் இருப்பவரே, எதிர்ப்புத் திறன் தசை அன்று. ஆறு மாதம் மருத்துவமனையில் படுத்திருந்தவரின் கால் மெலிவதுபோல், கிருமி வராத காரணத்தால் வெள்ளணுக்கள் மெலிந்துவிடுவதில்லை. பொதுமுடக்கத்திலும் குழந்தைகள் மண்ணில் விளையாடினார்கள், உணவு உண்டார்கள், குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைச் சுமந்தார்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அவர்களின் எதிர்ப்பு அமைப்பு ஒரு நாளும் வேலையில்லாமல் இருந்ததில்லை. குறிப்பிட்ட சில கிருமிகளோடு மட்டும் அதற்கு அறிமுகம் ஏற்படவில்லை.

இந்த வேறுபாட்டைச் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். உடம்பு பலவீனமாகிவிட்டது என்று நம்பும் தாய், ‘எதிர்ப்புச் சக்தி மருந்து’ என்று விற்கப்படும் பாட்டில்களைத் தேடிப் போவாள். குழந்தையை வேண்டுமென்றே சளி பிடித்தவர்களிடம் விடலாம் என்றும் சிலர் நினைப்பார்கள். இரண்டாவது எண்ணம் ஆபத்தானது. ஆர்.எஸ்.வி. என்ற கிருமி இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். ஆனால் அது மூன்றாம் மாதத்தில் தொடுகிறதா, இரண்டாம் வயதில் தொடுகிறதா என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. மூன்று மாதக் குழந்தையின் மூச்சு நுண்குழாய்கள் நூல் அளவுதான். சிறிது வீங்கி, சிறிது சளி கோத்தாலே அடைத்துக்கொள்ளும். ஆகவே தள்ளிப்போன தொற்று ஒரு குழந்தைக்கு ஆதாயமாகக்கூட முடியலாம்.

சான்று ஒன்று சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. ஏறத்தாழ இல்லாமலே போனது. பிறகு அங்கே கோடை தொடங்கும் டிசம்பரில், வழக்கமான குளிர்கால உச்சத்தையும் மிஞ்சிப் பாய்ந்தது. அப்போது தொற்றிய குழந்தைகளின் வயது முந்தைய ஆண்டுகளைவிடக் கூடுதலாக இருந்தது. எதிர்ப்புத் திறன் அழுகிப்போயிருந்தால் எல்லா வயதினரும் ஒன்றுபோல் விழுந்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு தப்பியவர்கள் இந்த ஆண்டு பிடிபட்டார்கள் என்றால்தான் வயது இப்படி நகரும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2021ஆம் ஆண்டுக் கோடையிலேயே ஆர்.எஸ்.வி. தலைகாட்டியது. குளிர்காலத்துக் கிருமி என்று பாடநூல்கள் சொல்லிவந்த ஒன்று வெயிலில் வந்தது. தண்ணீர் விளிம்பு வரை நிற்கும்போது மதகைத் திறக்கக் காற்றடிக்கும் திசை பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடிகள்) நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. தாய்க்கு அவ்வப்போது இலேசான சளியாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி.தான் அவளுடைய எதிர்ப்பான் அளவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அது இரண்டாண்டு வராமற்போகவே, அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகள் குறைந்த சீர்வரிசையோடு பிறந்தார்கள் என்று சொல்லலாம். இந்த ஒரு பகுதிக்கு வேண்டுமானால் ‘கடன்’ என்ற சொல் ஓரளவு பொருந்தும். அதுவும் 2022இன் அலைகளோடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஐயாவின் பேத்தி 2024இல் பிறந்தவள். அவளுடைய தாய் இந்த இடைவெளியில் எல்லாச் சளியையும் பார்த்திருப்பார்.

---

தேவகோட்டை ஆய்வகம் | 10 ஜனவரி 2025, காலை 7.30

மருத்துவர் எழுதியதற்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடியதெல்லாம் நோய் அன்று. கூடியதில் ஒரு பகுதி பரிசோதனை. 2020க்கு முன் எங்கள் பக்கம் சளி, இருமலுடன் வந்த குழந்தையின் மூக்கில் குச்சி விட்டு என்ன கிருமி என்று பார்க்கும் வழக்கமே இல்லை. ‘வைரல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கொரோனாவின் உபயத்தால் பி.சி.ஆர். இயந்திரங்கள் ஊர்தோறும் வந்தன. ஒரே மாதிரியில் பதினைந்து, இருபது கிருமிகளைத் தேடும் தொகுப்புச் சோதனைகளும் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. பெயர் தெரியாமல் வந்து பெயர் தெரியாமல் போனவையெல்லாம் இப்போது பெயரோடு அச்சிட்ட தாளில் வருகின்றன. தாளில் எழுதியிருப்பதாலேயே பெற்றோருக்கு அச்சம் இரட்டிப்பாகிறது.

அந்தத் தாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நலமாக ஓடியாடும் குழந்தையின் மூக்கிலும் சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸ் இருக்கும். சளி தீர்ந்து சில வாரங்கள் ஆன பிறகும் பி.சி.ஆர். அதன் எச்சத்தைப் பிடித்துவிடும். கண்டறியப்பட்டது என்பதற்கும் அதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கும் நடுவே இடைவெளி உண்டு.

---

பள்ளத்தூர் ஆசிரியை | 10 ஜனவரி 2025, காலை 10.20

தேவகோட்டைத் தம்பி சொன்னது எச்.எம்.பி.வி.க்கு அப்படியே பொருந்தும். தொலைக்காட்சியில் அதைப் புதிய வைரஸ் என்று கூவுகிறார்கள். நெதர்லாந்தில் அதைக் கண்டுபிடித்தது 2001இல். கண்டுபிடித்தவர்கள் 1958ஆம் ஆண்டு முதல் சேமித்து வைத்திருந்த குருதி மாதிரிகளைச் சோதித்தபோது, அன்றைய மனிதர்களிடமே அதற்கான எதிர்ப்பான்கள் இருந்தன. எனக்கு அப்போது வயது மூன்று. ஆக எனக்கும் ஒருமுறை வந்திருக்கும்; எங்கள் அப்பத்தா அதை மாந்தம் என்று சொல்லி வேப்பிலைக் கொழுந்து அரைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ரைனோவைரஸ் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாக் கிருமிகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகச் சுவையான பகுதி. இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., எச்.எம்.பி.வி. ஆகியவற்றுக்கு வெளியே ஒரு கொழுப்புறை உண்டு. சோப்பும் சாராயம் கலந்த கைக்கழுவியும் அந்த உறையைக் கரைத்துவிடும், கிருமி செயலற்றுப்போகும். ரைனோவைரசுக்கும் அடினோவைரசுக்கும் அந்த உறை கிடையாது. அவை கைகளிலும் கதவுப் பிடிகளிலும் பொம்மைகளிலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். கைக்கழுவிக்கும் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. அதற்கு மேல் ரைனோவைரசில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றொன்று வரும். அதனால்தான் பொதுமுடக்கக் காலத்திலும் அது முழுமையாக ஒடுங்கவில்லை. ஹாங்காங்கில் 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பள்ளிகள் திறந்ததுமே, எல்லாப் பிள்ளைகளும் முகக்கவசம் அணிந்திருந்தும், வகுப்பறைகளில் சளி பரவியது, காரணம் ரைனோவைரஸ். கானாடுகாத்தான் ஐயா, தீபாவளிக்கு மறுவாரம் உங்கள் பேரனைப் படுக்க வைத்தது அதுவாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

---

கரைமேல் இருப்பவன் | 10 ஜனவரி 2025, பகல் 1.10

தசை உவமையை விட்டுவிடுகிறேன். மருத்துவர் சொன்ன வயதுக் கணக்குக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் ஊருணிக் கணக்கும் முழுவதும் சரியாக வரவில்லையே. சுவீடனில் தொடக்கப் பள்ளிகளை மூடவே இல்லை. அங்கே பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள். அங்கும் 2020-21இல் இன்ஃப்ளூயன்சா காணாமற்போனது. போக்கை அடைக்காத ஊருணியில் தண்ணீர் ஏன் தேங்கியது? இன்னொரு கேள்வி. கொரோனாவே பிள்ளைகளின் எதிர்ப்புத் திறனைக் கெடுத்திருக்கலாம் அல்லவா?

---

கோட்டையூர் குழந்தை மருத்துவர் | 10 ஜனவரி 2025, இரவு 9.40

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிருமி எதிர்ப்பு நினைவையே அழிக்க முடியுமா என்றால், முடியும். தட்டம்மை அதைச் செய்கிறது என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. தட்டம்மை வந்து தேறிய குழந்தையிடம், முன்பு சேர்த்துவைத்த பல எதிர்ப்பான்கள் குறைந்துபோயிருந்தன. கொரோனா குழந்தைகளிடம் அதைப்போல் செய்தது என்பதற்கு அந்த அளவு வலுவான சான்று வரவில்லை. ஆர்.எஸ்.வி. அலைகளை விளக்க எனக்கு அந்தக் கருதுகோள் தேவைப்படவும் இல்லை.

சுவீடன் கேள்விக்கு ஊருணி மட்டும் போதாது என்பது உண்மைதான். உவமை என்றால் ஓரிடத்தில் ஒழுகத்தான் செய்யும். இன்ஃப்ளூயன்சா ஓர் ஊரிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்பதில்லை. வெளியிலிருந்து வந்து விதை போட்டால்தான் ஒவ்வொரு பருவத்திலும் முளைக்கும். எச்3என்2 வகை கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் சுற்றிக்கொண்டிருந்து அங்கிருந்து உலகெங்கும் பயணிகளோடு போகிறது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வானூர்திகள் நின்றபோது விதையே வரவில்லை. சுவீடன் பள்ளிகள் திறந்திருந்தாலும் முளைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கிருமிகளுக்கு இடையிலான போட்டியும் உண்டு. ஒரு வைரஸ் மூக்கின் உட்சவ்வைத் தொட்டதும் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கிறது. அடுத்த சில நாள்களுக்கு வேறு வைரஸ் அங்கே குடியேறுவது கடினம். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 பரவியபோது, சில ஐரோப்பிய நாடுகளில் ரைனோவைரஸ் பரவல் அதைச் சற்றுத் தள்ளிப்போட்டதாகக் கருதப்படுகிறது. அதே குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. வழக்கத்தைவிடத் தாமதமாக வந்த நாடுகளும் உண்டு. ஒரே பட்டாலைக் கூடத்தில் இரண்டு கல்யாணம் ஒரே முகூர்த்தத்தில் நடத்த முடியாது என்பது போலத்தான். கொரோனா எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது, முகக்கவசமும் இடைவெளியும் எவ்வளவு தடுத்தன, பயணத் தடை எவ்வளவு தடுத்தது என்று மூன்றையும் துல்லியமாகப் பிரித்துக் காட்ட முயன்ற யாரையும் நான் முழுதாக நம்பியதில்லை.

---

சிங்கையில் ஒரு புதுவயல்காரன் | 11 ஜனவரி 2025, காலை 8.00

கடல்கடந்து வணிகம் செய்யக் கொண்டுவிக்கப் போன குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் பயணப் பேச்சு எனக்குச் சுட்டது. எங்கள் ஐயா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு போய்ச் சேர ஒரு வாரமாவது ஆகும். ஏறும்போது பிடித்த சளி இறங்கும்முன் தீர்ந்துவிடும். இன்று காலையில் சிங்கையில் தும்மினவன் மாலையில் காரைக்குடியில் தும்முகிறான். கிருமிக்கு நாம் செய்துகொடுத்த வசதியில் இதைவிடப் பெரிது இல்லை.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. திரும்பி வந்த கிருமிகளைப் பற்றியே பேசுகிறோம். திரும்பி வராதது ஒன்றுகூட இல்லையா?

---

பள்ளத்தூர் ஆசிரியை | 11 ஜனவரி 2025, காலை 10.45

இருக்கிறது, தம்பி. இன்ஃப்ளூயன்சா பி வகையில் விக்டோரியா, யமகாட்டா என்று இரண்டு வம்சங்கள் 1980களிலிருந்து பிரிந்து வாழ்ந்து வந்தன. யமகாட்டா வம்சம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 2017-18இல் அது உலகெங்கும் பெரிய அலையாக வந்துபோயிருந்ததால் பலரிடம் எதிர்ப்பு இருந்தது. மெதுவாக உருமாறும் இயல்புடையது வேறு. ஏற்கெனவே மெலிந்திருந்த நேரத்தில் பொதுமுடக்கம் வந்து கழுத்தைப் பிடித்தது. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கூறு இனித் தடுப்பூசியில் தேவையில்லை என்று சொன்னது. அதனால் நான்கு கூறுகள் இருந்த இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி பல நாடுகளில் மீண்டும் மூன்று கூறுகளுக்கு வந்துவிட்டது. தடுப்பூசி போட்டு ஒழித்தது பெரியம்மை. எவரும் குறிவைக்காமலேயே ஒழிந்ததாகத் தெரிவது இது. யாரும் அழவில்லை.

பெருந்தொற்றுகள் பழைய கிருமிகளை இடம்பெயர்ப்பது புதிது அன்று. 1957இல் எச்2என்2 வந்தபோது அதுவரை இருந்த எச்1என்1 மறைந்தது. 1968இல் எச்3என்2 வந்து எச்2என்2ஐ விரட்டியது. 1977இல் எச்1என்1 மீண்டும் தலையெடுத்தது. 2009இல் புதிய எச்1என்1 வந்ததும் அந்தப் பழையது போய்விட்டது. அங்கெல்லாம் ஓர் இன்ஃப்ளூயன்சாவை இன்னோர் இன்ஃப்ளூயன்சா துரத்தியது. இம்முறை துரத்தியது அந்தக் குலத்தையே சேராத ஒரு கிருமி, அல்லது அதற்கு அஞ்சி நாம் பூட்டிக்கொண்ட கதவு.

---

கானாடுகாத்தான் ஐயா | 11 ஜனவரி 2025, மாலை 5.30

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். 2023 மார்ச் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாச் சமயம். வீட்டில் எட்டுப் பேரும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தோம். அது எச்3என்2 என்று அப்போது செய்தித்தாள்களில் எழுதினார்கள். மாநில அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியதும், புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பள்ளிகளை மூடியதும் அந்த மாதத்தில்தான். அப்போது ஓர் ஊரில் ஒரு மருத்துவமனையில் என் பேரனுக்கு ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, என்ன கிருமி என்று கடைசி வரை சொல்லாமல் அனுப்பினார்கள். ஊசி வேலை செய்ததா, நாளாகித் தானே தீர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

இனிக் கைக்குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி மூன்று ஏற்பாடுகள் வைத்திருக்கிறாள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தடவுவது. வசம்பு சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் வைப்பது. மருத்துவர் இவற்றைப் பற்றித் தயங்காமல் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டினால் எடுபடும்.

---

கோட்டையூர் குழந்தை மருத்துவர் | 11 ஜனவரி 2025, இரவு 10.30

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் செய்ய நினைப்பதெல்லாம் அன்பினால் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் எங்கள் ஆயா சாம்பிராணி போட்டுத்தான் வளர்த்தார்கள். ஆனால் மூன்றையும் வேண்டாம் என்றே சொல்வேன். புகை எந்தப் புகையானாலும் கைக்குழந்தையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். தலைமுடியைத் துண்டால் துவட்டினால் போதும். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் குழந்தைக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, தாய்ப்பால், நிமிர்த்திப் பிடிப்பது. இவ்வளவுதான்.

கல்யாணத்தைப் பொறுத்தவரை நான் அஞ்சுவது எச்.எம்.பி.வி.யை மட்டும் அன்று, ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா ஆகிய இரண்டையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய குளிர்மாதங்களிலும் இவை நடமாடும். பெரியவர்களுக்கு இலேசான தொண்டைக் கரகரப்பாக இருப்பது கைக்குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் வேறு உருவம் எடுக்கும். குழந்தையை ஆளுக்கு ஆள் கைமாற்றாதீர்கள், முகத்தில் முத்தமிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருமல் இருப்பவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அந்த அறைக்கு வெளியே நிற்கட்டும். தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ரைனோவைரசைப் பற்றி ஆசிரியை எழுதியதை நினைவில் வைத்து, கைக்கழுவியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஆறு மாதத்துக்குக் கீழ் போட முடியாது. ஆகவே தாயும் தந்தையும் நீங்கள் இருவரும் இப்போதே போட்டுக்கொண்டால் கல்யாணத்துக்குள் பலன் தரும்.

ஒன்றை மட்டும் தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் பதினோரு மாதம் வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிப்பது வழக்கத்தில் பாதியாகக் குறைந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இடையிடையே மூச்சு நின்றாலும் பந்தியில் பாதியில் எழுந்தாவது மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

---

சிங்கையில் ஒரு புதுவயல்காரன் | 12 ஜனவரி 2025, காலை 7.20

மருத்துவரே, ஆர்.எஸ்.வி.க்கு இத்தனை ஆண்டுகளாகத் தடுப்பூசி வராதது ஏன்?

---

கோட்டையூர் குழந்தை மருத்துவர் | 12 ஜனவரி 2025, பகல் 2.15

வந்தது, வந்து கெட்டது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி.யைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அது காப்பதற்கு மாறாக நோயை முற்றச் செய்தது. பின்னர்த் தொற்றுக்கு ஆளான தடுப்பூசிக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அந்த அடியிலிருந்து இத்துறை எழுந்திருக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கிருமியின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம், செல்லோடு இணைவதற்கு முன் ஒரு வடிவிலும் இணைந்த பின் வேறு வடிவிலும் இருக்கிறது. முதல் வடிவத்தைக் காட்டினால்தான் உடம்பு சரியான எதிர்ப்பான்களைச் செய்யும். அந்த வடிவத்தைத் துல்லியமாகப் படம்பிடித்தது 2013இல். பத்தே ஆண்டுகளில், 2023இல், முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசிகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் நீண்டகால எதிர்ப்பான் ஊசியும் அதே ஆண்டு அங்கே வந்தது. மகனையும் மருமகளையும் புறப்படும் முன் சிங்கையில் தங்கள் குழந்தை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், ஐயா.

---

கானாடுகாத்தான் ஐயா | 13 ஜனவரி 2025, காலை 6.40

மகனிடம் நேற்றிரவே பேசிவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறார்கள். முகப்பிலும் பட்டாலையிலும் குளிர்சாதனம் வைத்துக் கதவை அடைக்கும் திட்டத்தைக் கைவிட்டோம். முற்றத்து வானத்தை மறைத்திருந்த தகரத்தையும் இறக்கச் சொல்லியிருக்கிறேன். வெயில் உள்ளே விழும், காற்றும் போகும் வரும். குழந்தைக்கும் தாய்க்கும் வீட்டின் இரண்டாம் கட்டுக் கோடி அறை. வாசலில் ஒரு சோப்பும் செம்பும் இருக்கும்.

என் மனைவி சாம்பிராணியை விட்டுவிட்டாள். கற்பூர எண்ணெயைக் கைவிட அரை மனத்தோடு ஒப்புக்கொண்டாள். வசம்பைக் கைவிட இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘தேன் இல்லாமல் தாய்ப்பாலில் உரைத்தால் என்ன?’ என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறாள்.

---

கோட்டையூர் குழந்தை மருத்துவர் | 13 ஜனவரி 2025, இரவு 9.55

அதுவும் வேண்டாம், ஆச்சி. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிவிடுங்கள், ஆனால் கையை இறுக்கும்படியும் இல்லாமல், கழன்று விழும் அளவு தளர்வாகவும் இல்லாமல். இல்லை, வேண்டாம், அதைத் தொட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள்.